மரத்தின் காயம் ஆறாது, மூடிக்கொள்ளும்

என் அப்பா புளியந்தோப்பில் ஒரு மர அறுவை மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பள்ளி லீவில் நான்தான் அவருக்குச் சாப்பாடு கொண்டு போவேன். ஒரு நாள் வேப்பங்கட்டை ஒன்றை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தபோது வாள் கிரீச்சென்று கத்தி நின்றது. உள்ளே ஆணி. வெளியே பட்டையில் தழும்புகூட இல்லை. பிளந்து பார்த்தால் ஆணியைச் சுற்றி மை கொட்டியது போலக் கருநீலக் கறை, மேலும் கீழுமாக ஒரு முழத்துக்கு ஓடியிருந்தது. "எவனோ எப்பவோ அடிச்சது. இத்தனை வருஷமா உள்ளேயே வெச்சிருக்கு பாரு" என்றார்.

நமக்குப் புண் வந்தால் அழுகினது போய்ப் புதுத் தோல் வருகிறது. மரத்துக்கு அப்படி இல்லை. காயம்பட்ட பகுதியை அது சரிசெய்வதே கிடையாது. சுற்றிலும் சுவர் எழுப்பி அந்த இடத்தை அடைத்துவிட்டு, வெளிப்பக்கம் புதிதாக வளர்ந்து மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறையில் வேலை செய்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். அப்பாவுக்கு அவர் பெயர் தெரியாது, விஷயம் தெரியும். நான் இப்போது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவின் பதினோரு மரங்களைப் பார்த்துக்கொள்வதும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்: புதுக் காயம் படக் கூடாது, பட்டால் மரம் சீக்கிரம் மூடிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும்.

முதலில் ஆணி. டியூஷன் போர்டு, வாடகை வீடு போர்டு, சீரியல் லைட் கம்பி என்று எதையாவது அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆணித் தலை வெளியே தெரிந்தால் எடுத்துவிடலாம். பட்டையின் மேல் மெல்லிய பலகைத் துண்டு ஒன்றை வைத்து, அதன் மேல் ஆணி பிடுங்கும் சுத்தியலைப் பதித்து நெம்புங்கள். சுத்தியல் நேராகப் பட்டையில் பட்டால் ஆணி செய்ததைவிடப் பெரிய காயத்தை நீங்கள் செய்துவிடுவீர்கள். தலை உள்ளே புதைந்துவிட்ட ஆணியைத் தோண்டாதீர்கள், மரம் அதற்கு வழி பண்ணிக்கொண்டுவிட்டது.

கம்பி ஆணியைவிட மோசம். இலையில் தயாராகும் சாப்பாடு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்பக்கமாகத்தான். சுற்றிக் கட்டிய கம்பி, மரம் பருக்கப் பருக்க அந்தப் பாதையை நெரிக்கும். கட்டிங் பிளேயரால் தெரிகிற இடத்தில் எல்லாம் வெட்டிவிடுங்கள். சதைக்குள் போன துண்டு அங்கேயே இருக்கட்டும், வளையம் அறுந்தால் போதும். சின்ன வயசில் வைத்த இரும்புக் கூண்டை மரம் வளர்ந்தும் எடுக்காமல் விடுவதும் இதே கதைதான்.

அடுத்தது அடிமரம். எங்கள் பக்கம் வாசல் வரைக்கும் சிமென்ட் பூசி, மரத்தைச் சுற்றியும் கொண்டுபோய் ஒட்டிவிடுவது வழக்கம். தண்ணீர் இறங்காது, காற்றும் இறங்காது. 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்களுக்காகச் சொன்ன அளவு, சுற்றிலும் ஒரு மீட்டருக்கு சிமென்ட் இருக்கக் கூடாது என்பது. அந்த அளவுக்கு நம் தெருவில் இடம் இருக்காது, சரி, இரண்டடி கிடைத்தாலும் விடாதீர்கள். உடைக்கும்போது மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும், ஏனென்றால் சிமென்ட்டுக்குக் கீழேயே வேர் இருக்கும். திறந்த மண்ணைக் களைக்கொத்தால் லேசாகக் கிளறி, உதிர்ந்த இலைகளை நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அடிமரத்தைச் சுற்றி மண்ணை மேடு கட்டுவது பாசம் போலத் தெரியும், ஆனால் பட்டை ஈரத்திலேயே ஊறி அழுகும்.

தண்ணீர் விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலருக்கு போர் தண்ணீர் உப்பு, அதனால்தான் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின். அது வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நல்ல மனசோடு மரத்துக்கு விடுகிறார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம். அதற்குப் பதில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள், அதில் உப்பே கிடையாது. மொட்டை மாடி மழைத் தண்ணீர்க் குழாயில் ஒன்றை மரத்துப் பக்கம் திருப்பிவிட்டால், மண்ணில் சேர்ந்த உப்பையும் அது கழுவி இறக்கும். வளர்ந்த மரத்துக்கு ஊற்றுவதானால் அடிமரத்தில் ஊற்றாதீர்கள். தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் கிளை நுனிக்கு நேர் கீழேயும் அதற்கு வெளியேயும்தான் இருக்கின்றன.

கிளை வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், மரங்களை நாம் அதிகம் கெடுப்பது இங்கேதான். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மோதிரம் போட்டது போல் ஒரு புடைப்பு இருக்கும். பூவரசில் நன்றாகவே தெரியும். மரம் காயத்தை மூடுவதற்கான ஏற்பாடு அந்தப் புடைப்பில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து வழவழவென்று அறுத்தால் காயம் சரியாக மூடாது. அரை அடி கட்டையாக விட்டுவைத்தாலும் அது செத்து, அழுகல் உள்ளே இறங்க வழியாகும். புடைப்பை ஒட்டி, அதற்கு வெளியே அறுக்க வேண்டும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்கவே கூடாது. பாதியில் முறிந்து, அடிமரத்துப் பட்டையை உரித்துக்கொண்டு தொங்கும். மூன்று வெட்டு போடுங்கள். புடைப்பிலிருந்து ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கமிருந்து மேல் நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதிலிருந்து இன்னும் இரண்டு விரல் வெளியே தள்ளி, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை சுத்தமாக விழுந்துவிடும். அப்புறம் மீதியிருக்கும் கட்டையைப் புடைப்புக்கு வெளியே நிதானமாக அறுத்தெடுங்கள். வெட்டிய இடத்தில் தார், பெயின்ட், சாணி எதுவும் பூச வேண்டாம். பொந்தில் சிமென்ட் அடைப்பதும் வேண்டாம். மரம் காற்றில் ஆடும், சிமென்ட் ஆடாது, நடுவில் தண்ணீர் தேங்கும்.

மின்கம்பிக்காகக் கிளை வெட்ட ஆட்கள் வந்தால் நான் கீழே இறங்கிப் போய் நின்றுகொள்வேன். "அண்ணே, தலையை மொட்டை அடிக்காதீங்க, கம்பிப் பக்கம் போற கிளையை மட்டும் அடியோட எடுங்க" என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் கேட்கிறார்கள். ஒரு சொம்பு மோரும் உதவும். உச்சியை மொட்டையடித்த மரத்தில் கொத்தாகத் துளிர் வரும். பார்க்கச் செழிப்பாக இருந்தாலும் அவை மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை, அடுத்த புயலில் பிய்த்துக்கொண்டு விழும். பொது இடத்து மரத்தை முழுசாக வெட்ட யாருக்கும் தானாக உரிமை கிடையாது, மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். யாராவது கோடரியோடு வந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அடியுங்கள்.

கோயில் மரங்களுக்கு வருகிற ஆபத்து பக்தியிலிருந்து வருவதால் அதைச் சொல்வது கஷ்டம். திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் மகிழ மரம் தலமரம். தான் மணக்கவிருந்த சங்கிலி நாச்சியாரைப் பிரியமாட்டேன் என்று கருவறையில் சத்தியம் செய்யப்போகும் நேரத்தில் நீர் மகிழின் கீழ் போய் இரும் என்று சுந்தரர் சிவனைக் கேட்டுக்கொள்ள, சிவனோ சங்கிலியிடம் மகிழடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிட்டார். மாசிப் பெருவிழாவில் இன்றும் அந்தச் சத்தியத்தை நினைவுகூரும் மகிழடி சேவை நடக்கிறது. அப்படி ஒரு மரத்தின் கீழ் நின்றால் எனக்கும் கை கூப்பத்தான் தோன்றும். எந்தக் கோயில் மரமானாலும் விளக்கை அடிமரத்திலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். பொந்துக்குள் கற்பூரம் ஏற்றாதீர்கள், எண்ணெயை வேரில் ஊற்றாதீர்கள். வேண்டுதல் கயிறு நைலானாக இல்லாமல் பருத்தியாக, தளர்வாக இருக்கட்டும்.

பழைய ஆலமரம் இருந்தால் அதன் விழுதை வெட்டாதீர்கள். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்துக்கு 1989 புயலில் தாய்மரமே சாய்ந்தது. மரம் இன்னும் நிற்கிறது, விழுதுகளின் மேல். உங்கள் தெரு ஆலில் தலையில் இடிக்கும் விழுதை, நீளவாக்கில் பிளந்த மூங்கிலுக்குள் மண் நிரப்பி அதற்குள் விட்டுக் கட்டினால் தரைக்கு வழி கண்டுபிடித்துவிடும்.

புதிதாக வைப்பதானால் ஆடி, ஆவணியில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். கடற்காற்றுக்கும் உப்பு மண்ணுக்கும் பூவரசு, புங்கை, புன்னை, வேம்பு தாங்கும். பின்கட்டில் ஆறுக்கு ஆறு அடி இடம்தான் என்றால் முருங்கை, கறிவேப்பிலை, பவழமல்லி போதும். கன்று வரும் பிளாஸ்டிக் கவரைக் கிழித்து எடுங்கள். உள்ளே வட்டமாகச் சுருண்ட வேரைப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து அந்த வேரே மரத்தை நெரிக்கும். குழி ஆழத்தைவிட அகலம் முக்கியம். கவரில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில்தான் தரையும் இருக்க வேண்டும். காசிமேட்டுப் பக்கம் போல மணலாக இருந்தால் மக்கிய எருவைத் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள்.

பெரிய வேம்பின் நுனியெல்லாம் பழுப்பாகக் கருகினால் பயந்து வெட்டாதீர்கள். இது சில வருஷமாகப் பல இடங்களில் பார்க்கிறோம், பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து செய்வது. சின்னக் கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பங்குனி சித்திரை வரை பொறுங்கள்.

புரட்டாசியில் ஒரு தடவை எல்லா மரங்களையும் சுற்றிப் பாருங்கள். அடியில் காளான், புது விரிசல், ஒரு பக்கம் மண் தூக்கியிருப்பது, இதுவரை இல்லாத சாய்வு, இவைதான் ஆபத்தின் அறிகுறி. அப்பா கட்டையால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். உள்ளே கூடாக இருந்தாலே வெட்ட வேண்டும் என்றில்லை, வெளிச்சுவர் கனமாக இருந்தால் மரம் தாங்கும். வடிகாலுக்குப் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டிய மரத்தைத்தான் நான் நம்பமாட்டேன். தோண்டும்போதே போய், மணிக்கட்டைவிடத் தடித்த வேரை வெட்டாமல் அதற்கு அடியில் குடைந்து குழாயை விடச் சொல்லுங்கள்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயலில் எங்கள் வாசல் பூவரசு வேரோடு சாய்ந்தது. ஆறு வயசு மரம், தொடை கனம். மறுநாள் காலை வரை வேரை ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். கிளையில் பாதியைக் கழித்து, குழியைத் தோண்டிச் சரிசெய்து, தெருப் பையன்கள் நாலு பேர் கயிறு போட்டு இழுக்க, மரம் நிமிர்ந்தது. கயிறு பட்டையை அறுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினோம். மூன்று பக்கம் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்து, வாரம் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றி வந்தோம். மாசியில் முதல் இலை வந்தது. கழிகளை எடுக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று.