சூடாக்கினால் சுருங்கும் படிகங்கள்: அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏ, சி ரெண்டு அச்சும் சாதாரணமாத்தான் விரியுது சார், வேற படிகம் பார்க்கலாமா?" போன வாரம் ஒரு மாணவி கேட்டாள். (படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும் சிறு பெட்டிதான் கூடு; அதன் மூன்று விளிம்புகளே ஏ, பி, சி அச்சுகள்.) வேண்டாம் என்று தடுத்தேன். இதே கேள்வியோடு நான் ஒரு நல்ல படிகத்தைத் தூக்கி வைத்தவன்.

சில கரிமப் படிகங்கள் சூட்டில் ஒரு திசையில் சுருங்கும். மெத்தனால் மோனோஹைட்ரேட்டில் இதை 2011இல் காட்டினார்கள். பல படிகங்களில் மூலக்கூறு வலை, கடைவாசலில் இழுத்து மூடும் மடக்குக் கேட்டைப் போல வேலை செய்கிறது: அகலம் கூடினால் உயரம் குறையும்.

கூட்டின் அச்சுகளை மட்டும் பார்ப்பது

கூட்டின் ஒரு கோணம் மட்டும் செங்கோணமாக இல்லாத மோனோகிளினிக் படிகத்தில் ஏ, சி அச்சுகள் நம் வசதிக்காகத் தேர்ந்தெடுத்தவை. படிகம் அவற்றின் வழியேதான் விரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. பி அச்சு மட்டுமே சமச்சீரால் கட்டுண்டது.

ஒரு கணக்கு. 100 கெல்வினில் ஏ, சி இரண்டும் 10 ஆங்ஸ்ட்ரம், அவற்றுக்கு இடையிலான கோணமான பீட்டா 100 டிகிரி என்று வையுங்கள். 300 கெல்வினில் இரண்டும் 10.05, பீட்டா 101.5. அட்டவணையில் எல்லாம் அரை சதவீத விரிவு, சுவாரசியமே இல்லை. ஆனால் ஏ-யும் சி-யும் கூடும் மூலைவிட்டம் 12.86இலிருந்து 12.72 ஆகிறது, ஒரு சதவீதத்துக்கு மேல் சுருக்கம்! மற்ற மூலைவிட்டம் 1.6 சதவீதம் நீள்கிறது. எல்லாவற்றையும் செய்தது அந்த ஒன்றரை டிகிரி.

பி21/சி என்ற சமச்சீர்க் குறியீட்டில் எழுதிய படிகத்தையே, அச்சுகளை வேறு மாதிரி தேர்ந்து பி21/என் என்று எழுதினால் மூலைவிட்டம் ஓர் அச்சாகிவிடும். அட்டவணையின் கதையே மாறும். படிகம் மாறவில்லை. அதனால் முதன்மை அச்சுகளை, அதாவது படிகம் உண்மையில் விரியும் அல்லது சுருங்கும் செங்குத்துத் திசைகளை, கணக்கிட்ட பிறகுதான் பேச வேண்டும். 2012இல் வந்த பாஸ்கல் (PASCal) என்ற நிரல் இதை நொடியில் செய்யும். என் பழைய தரவை அதில் போட்டபோது ஒரு வருடம் கடந்திருந்தது. சுருக்கம் பளிச்சென்று தெரிந்தது. பீட்டாவைத் தனிப் பத்தியில் எழுதி வைத்தும் நான் அதைப் பார்க்கவே இல்லை. இன்றும் அதை நினைத்தால் எரிச்சல்தான்.

மூன்று கோணமும் சரிந்திருக்கும் டிரைகிளினிக்கில் எந்த அச்சையும் நம்பாதீர்கள்.

கரைப்பான் வெளியேறுவது

கனஅளவே குறைகிறதா? முதலில் படிகத்துக்குள் சிக்கியிருக்கும் கரைப்பான் வெளியேறுகிறதோ என்று சந்தேகியுங்கள். பழைய வெப்பநிலைக்குத் திரும்பக் குளிர்வித்து, கூடு பழைய அளவுக்கு வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டே வெப்பநிலையில் அளப்பது

நடுவில் நிலைமாற்றம் (படிக அமைப்பே மாறுவது) இருந்தால் தெரியாது. ஆறேழு வெப்பநிலையிலாவது அளக்க வேண்டும்.

சூட்டில் குறுகும் பிணைப்பு

மூலக்கூறு ஊசலாடுவதால் அப்படித் தெரிகிறது. அந்த ஊசலுக்கான திருத்தம் போடாமல் எழுதாதீர்கள்.