ஸ்பைரோ அக்னியூவைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அமெரிக்க அரசியலைத் தமிழில் எழுதத் தொடங்குகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. அதிபர் நிக்சனின் துணை அதிபராக இருந்த அக்னியூவின் பெயரைக் கண்டதுமே பேனாவைத் திறந்துவிடுகிறேன். நான் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் அப்படியே வந்து நிற்கின்றன. எழுத்துப் பிழை, தேதிப் பிழைகளை விட்டுவிடலாம். அவற்றை யாரும் திருத்திவிடுவார்கள்.

வாட்டர்கேட்டில் அவரைச் சேர்ப்பது

"வாட்டர்கேட் ஊழலில் சிக்கிப் பதவி இழந்த துணை அதிபர்." சென்ற வாரம் வந்த கட்டுரையின் முதல் வரி இது. நானும் என் முதல் கட்டுரையில் இப்படித்தான் எழுதினேன். இதழ் வெளியான மறு வாரம் ஓய்வுபெற்ற கணக்காயர் ஒருவர் தபால் அட்டை போட்டிருந்தார்: "தம்பி, அது வேறு வழக்கு, இது வேறு வழக்கு. இவர் கவரில் பணம் வாங்கியவர்." அச்சில் ஏறிய வரியை அழிக்க வழியில்லை. இன்றும் இந்தத் தவறைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வாட்டர்கேட் என்பது 1972 ஜூனில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்ததும், வெள்ளை மாளிகை அதை மூடி மறைத்ததும். அக்னியூவுக்கு அதில் பங்கில்லை. அவருடைய வினை மேரிலாந்தில் விதைத்தது. 1962இல் பால்டிமோர் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதி) நிர்வாகத் தலைவராகத் தேர்வானார், 1967இல் மாநில ஆளுநரானார். அரசுப் பணிகளைப் பெற்ற பொறியியல் நிறுவனங்கள் அவருக்குக் கமிஷன் கொடுத்தன என்பதே குற்றச்சாட்டு. ஆளுநராக இருந்தபோது பாதி அவருக்கு, மீதி இரண்டு இடைத்தரகர்களுக்குக் கால் கால் என்று பங்கு பிரித்தார்களாம். துணை அதிபரின் அலுவலகத்துக்கே கவரைக் கொண்டுபோய்க் கொடுத்ததாக ஒரு பொறியாளர் சாட்சி சொன்னார். பால்டிமோரின் அரசு வழக்கறிஞர்கள் முதலில் குறிவைத்தது அதே கவுண்டியில் அவருக்குப் பின் தலைவரானவரை. நூலைப் பிடித்துக்கொண்டே போனார்கள். மறுமுனையில் துணை அதிபர் இருந்தார்.

இரண்டு வழக்குகளையும் குழப்பினால் 1973 அக்டோபரின் அவசரமே வாசகருக்குப் புரியாது. நிக்சனின் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. அவர் விழுந்தால் லஞ்சக் குற்றச்சாட்டில் சிக்கியவர் அதிபராகிவிடுவார் என்பதே அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சனின் கவலை. அதனால்தான் சிறை வேண்டாம், பதவி விலகினால் போதும் என்று உடன்பாடு செய்தார். அக்டோபர் 10இல் அக்னியூ விலகினார். பத்தாவது நாள், வாட்டர்கேட் சிறப்பு வழக்கறிஞரை நீக்க மறுத்து ரிச்சர்ட்சனும் விலகினார். காலியான துணை அதிபர் பதவியை நிரப்ப வழிசெய்யும் அரசியலமைப்பின் 25வது திருத்தத்தின்படி அக்னியூவின் இடத்துக்கு வந்த ஜெரால்ட் ஃபோர்டுதான், 1974 ஆகஸ்டில் நிக்சன் விலகியதும் அதிபரானார். இந்தச் சங்கிலியை அறுத்துவிட்டுக் கட்டுரை எழுதி என்ன பயன்?

"குற்றத்தை ஒப்புக்கொண்டார்"

லஞ்சக் குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை, சாகும்வரை மறுத்தார். 1967ஆம் ஆண்டுக்கான வருமான வரி ஏய்ப்பு என்ற ஒரே குற்றச்சாட்டில் 'நோலோ கன்டெண்டரே' என்றார், அதாவது எதிர்த்து வாதாடவில்லை. இது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று நீதிபதி வால்டர் ஹாஃப்மன் அறிவித்தார். இந்த இரண்டு பாதியையும் எழுதுங்கள்.

"சிறை சென்றார்"

செல்லவில்லை. 10,000 டாலர் அபராதம், மூன்றாண்டு நன்னடத்தைக் காலம், அவ்வளவுதான்.

"பதவி விலகிய முதல் துணை அதிபர்"

இல்லை. 1832இலேயே ஜான் கால்ஹூன் விலகியிருக்கிறார்.

"பால்டிமோர் மேயர்"

அவர் இருந்தது பால்டிமோர் கவுண்டியின் தலைவராக. கவுண்டி வேறு, நகரம் வேறு.

எழுச்சியை ஒரே வரியில் தாண்டுவது

வீழ்ச்சியின் சுவாரசியத்தில் இதை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். 1966 ஆளுநர் தேர்தலில் எதிர் வேட்பாளர், கறுப்பினத்தவர் விரும்பிய இடத்தில் வீடு வாங்க வழிசெய்யும் சட்டத்தை எதிர்த்தவர். அதனால் கறுப்பின வாக்காளர்கள் குடியரசுக் கட்சிக்காரரான அக்னியூவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொலையான பின் பால்டிமோரில் கலவரம் மூண்டது. மிதவாதக் கறுப்பினத் தலைவர்களை அழைத்து உட்காரவைத்து, தீவிரவாதிகளைக் கண்டிக்காததற்காக அவர்களைக் கடிந்துகொண்டார் அக்னியூ. பலர் பேச்சின் நடுவிலேயே எழுந்து வெளியேறினார்கள். நிக்சனின் ஆட்களின் கவனத்தை அந்தப் பேச்சு ஈர்த்தது. ஆகஸ்டில் அவர் துணை அதிபர் வேட்பாளர்.