காற்று ஓடும் குழாயின் சத்தத்தைக் கணக்கிடுவது எப்படி?

பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு அரிசி ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூரைக்கு மேலே 30 செ.மீ. விட்டமுள்ள ப்ளோயர் குழாய். அதன் வாயிலிருந்து நொடிக்கு 17.5 மீட்டர் வேகத்தில் காற்று வருகிறது. பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு சத்தம் போகும்? பிளஸ் டூ இயற்பியலை வைத்தே தொடங்கலாம்.

முதலில் அதிர்வெண். ப்ளோயர் விசிறியின் இதழ்கள் நொடிக்கு எத்தனை முறை கடக்கின்றனவோ, அதுதான் முக்கியச் சத்தத்தின் அதிர்வெண். 8 இதழ்கள், நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் 8 × 1440 ÷ 60 = 192 ஹெர்ட்ஸ்.

அடுத்து, குழாய்க்குள் அலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். அதை வட்டக் குழாய்க்கான மாறிலியான 1.84 ஆல் பெருக்கி, குழாயின் சுற்றளவான 0.942 மீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 680 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே சமதள அலை (குழாயின் குறுக்கே எங்கும் ஒரே அழுத்தமுள்ள அலை) மட்டுமே ஓடும். நம் 192 ஹெர்ட்ஸ் அதற்குக் கீழேதான். ஒலியைக் கணக்கிடும் மென்பொருளைத் திறக்கும் முன் இந்த ஒரு வகுத்தலைக் கட்டாயம் செய்யுங்கள். பாதி வேலை மிச்சம்.

சரி, இனி காற்றோட்டம். மாக் எண், அதாவது காற்றின் வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்தது, 17.5 ÷ 349 = 0.05. வெளியே போகும் அலையின் அலை எண்ணை (2π ÷ அலைநீளம்) 1.05 ஆலும், வாயில் பட்டுத் திரும்பும் அலையுடையதை 0.95 ஆலும் வகுக்க வேண்டும்.

குழாயின் வாயில்தான் விஷயமே இருக்கிறது. காற்றோட்டமில்லாத திறந்த வாய்க்கு லெவின், ஷ்விங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 1948-இல் தீர்வு தந்தார்கள். அதன்படி இங்கே ஆற்றலில் சுமார் 80 சதவீதம் உள்ளேயே திரும்பிவிடும், வெளியேறுவது 0.20 பங்கு. அதே எதிரொலிப்பை வைத்துக்கொண்டு ஓட்டத்தைச் சேர்த்தால், வெளியே போகும் ஆற்றல் 1.05² மடங்கும் திரும்பும் ஆற்றல் 0.95² மடங்கும் ஆகும்: 1.05² − 0.95² × 0.80 = 0.38. மாக் எண் வெறும் 0.05 தானே என்று விட்டுவிட முடியாது, கிட்டத்தட்ட இரட்டிப்பு!

ஆனால் அந்த 0.38 முழுவதும் காதுக்கு வராது. காற்று விளிம்பை விட்டுப் பிரியும் இடத்தில் ஒலி சுழல்களைக் கிளப்புகிறது; ஒரு பங்கு ஆற்றல் அதற்கே செலவாகிறது. 1977-இல் மன்ட் என்ற ஆய்வாளர் இந்த விளிம்பையும் சேர்த்தே தீர்வு கண்டார். அதில் சில அதிர்வெண்களில், திரும்பும் அலை வந்த அலையைவிடப் பெரிதாகவே இருக்கும்! அதனால் குழாயை விட்டுப் போன ஆற்றலையும் தூரத்துக்குப் போய்ச் சேர்ந்த ஆற்றலையும் எப்போதும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

அப்புறம் சரிபார்ப்பு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறைய வேண்டும். காற்று பாயும் நேர்திசையில் மைக்கை வைக்காதீர்கள். பக்கவாட்டில், பஞ்சு உறை போட்டு வையுங்கள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் மோதி அளவீட்டையே கெடுத்துவிடும். மொத்த டெசிபலை விட்டுவிட்டு 192 ஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையை மட்டும் ஒப்பிடுங்கள்.