கிராஃப்ட் பீரை நாமே கெடுக்கிறோம்: கோலாலம்பூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் நண்பர் வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்தோம். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு கேன் ஐபிஏ, அதாவது ஹாப்ஸ் பூவின் வாசமும் கசப்பும் தூக்கலான பீர். ஒன்று ஃப்ரிட்ஜில் இருந்தது. இன்னொன்றை நண்பர் வேண்டுமென்றே பத்து நாள் கார் பூட்டில் போட்டு வைத்திருந்தார். அப்புறம் அதையும் குளிர வைத்து, எது எது என்று சொல்லாமல் ஊற்றினார். முதல் கிளாஸை மூக்கருகே கொண்டு போனதுமே ஈப்போ பம்ப்ளிமாஸை உரித்தது போல ஒரு வாசம். இரண்டாவதில் அது இல்லவே இல்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை, நாக்கில் பழைய தேன் மாதிரி ஒரு இனிப்பு, கடைசியில் தொண்டையைப் பிடிக்கிற கசப்பு. நிறம்கூடக் கொஞ்சம் கறுத்திருந்தது. அந்த இரண்டாவது கேனை மட்டும் குடித்தவர், இதைச் செய்தவருக்கு வேலை தெரியாது என்றுதான் முடிவு கட்டுவார். செய்தவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

சின்ன ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பீரை நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு முறை கூடிச் சுவைக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் "கிராஃப்ட் பீர் எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லும்போதெல்லாம், எப்படி வாங்கினார்கள், எங்கே வைத்தார்கள், எதோடு குடித்தார்கள் என்று விசாரிப்பேன். பத்துக்கு எட்டு முறை சிக்கல் அங்கேதான் இருக்கும். ஏற்கெனவே குடிக்கிற, 21 வயது நிரம்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2017 டிசம்பரிலிருந்து இந்த நாட்டில் சட்டப்படி வயது வரம்பு அதுதான்.

முதலில் வெயில். பீர்க்காரர்களிடம் 3-30-300 என்று ஒரு கணக்கு உண்டு. ஏறக்குறைய 32 டிகிரி சூட்டில் 3 நாள் இருந்தால் பீருக்கு எவ்வளவு வயதாகுமோ, 22 டிகிரியில் அதற்கு 30 நாள் ஆகும், 3 டிகிரியில் 300 நாள் ஆகும். துல்லியமான விதி அல்ல, கைக்கணக்குதான். ஆனால் அந்த 32 டிகிரி என்பது நமக்குச் சாதாரண மத்தியான வெயில். மூடிய கார் அதைவிட மோசம். அதனால் கடையில் பீர் வெளியே அடுக்கியிருக்கிறதா, குளிர்பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே இருப்பது ஐந்து வெள்ளி மலிவாக இருந்தாலும் நான் எடுப்பதில்லை. வாங்கியதும் நேராக வீட்டுக்குப் போங்கள். மார்க்கெட், துணிக்கடை எல்லாம் சுற்றிவிட்டுப் போவதாக இருந்தால் பீரைக் கடைசியில் வாங்குங்கள். வீட்டில் பாட்டிலை நிமிர்த்தி, ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுப் பக்கம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு ஏறும்.

வெளிச்சமும் சூட்டுக்குச் சளைத்ததல்ல. ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால் கந்தக நாற்றம் அடிக்கும் ஒரு சேர்மம் உண்டாகிறது. நேர் வெயிலில் இதற்குச் சில நிமிடங்களே போதும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு காக்கும், பச்சையும் வெள்ளையும் காப்பதில்லை. கேனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கேன் என்றால் மட்டம் என்று இன்னும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐபிஏ வாங்குவதாக இருந்தால் நான் கேனைத்தான் தேடுவேன்.

அடுத்தது தேதி. இதில் நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். அமெரிக்க கேன்களின் அடியில் பெரும்பாலும் அடைத்த தேதியைத்தான் அச்சடிப்பார்கள், அதுவும் மாதத்தை முன்னால் போட்டு. 04/09 என்று இருந்தால் நம் கண்ணுக்கு அது செப்டம்பர் 4. அவர்களுக்கு ஏப்ரல் 9. ஐந்து மாத வித்தியாசம். ஹாப்ஸ் வாசத்தை நம்பி வாங்குகிற ஐபிஏவுக்கு முதல் மூன்று மாதம்தான் உயிர். அதற்குப் பிறகும் குடிக்கலாம், உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் எதற்காக விலை கொடுத்தீர்களோ அது போயிருக்கும். இம்பீரியல் ஸ்டௌட், பார்லி வைன் போன்ற கனமான, ஆல்கஹால் கூடிய வகைகள் வருடக்கணக்கில் தாங்கும். கழிவு விலையில் பழைய பீர் கிடைத்தால் அந்த வகையைப் பார்த்து எடுங்கள்.

சரி, நல்ல பீர் வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது ஐஸ்.

கோப்பிக் கடையில் பெரிய பாட்டிலை வைத்து, கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு ஊற்றிக் குடிப்பது நம் ஊர்ப் பழக்கம். அந்த வெக்கையில், லாகர் என்கிற அந்தச் சாதாரண வெளிர் பீருக்கு அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் 30 வெள்ளி கொடுத்து வாங்கிய கருத்த ஸ்டௌட் பீருக்கு அதையே செய்தால் பணம் தண்ணீராகிறது. குளிர் நாக்கை மரக்கச் செய்யும், வாசத்தையும் மேலே எழ விடாது. லாகருக்கு 4 முதல் 7 டிகிரி, ஐபிஏவுக்கு 7 முதல் 10, ஸ்டௌட்டுக்கு 10 முதல் 13 சரியாக வரும். வெப்பமானி எதுவும் வேண்டாம். நம் வீட்டு வெக்கையில் ஸ்டௌட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் போதும். முதல் வாயில் வெறும் கசப்பாக இருந்தது, பாதி கிளாஸ் ஆகும்போது காப்பிக்கொட்டையாகவும் கருப்பட்டியாகவும் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். உறைய வைத்த கிளாஸும் ஐஸ் மாதிரிதான். உள்ளே படிந்த பனி உருகி பீரில் கலக்கும்.

கிளாஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் நாள் கறிச்சட்டி தேய்த்த அதே ஸ்பாஞ்சில் கிளாஸையும் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொள்ளும். நுரை நிற்காது. கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது அழுக்கு கிளாஸ். சுத்தமான கிளாஸில் குமிழி ஒட்டாது, ஒவ்வொரு வாய்க்கும் நுரை ஒரு வளையம் விட்டு இறங்கும். தனி ஸ்பாஞ்ச் வையுங்கள், நன்றாக அலசுங்கள், துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காய விடுங்கள். ஊற்றும்போது நுரையே வரக் கூடாது என்று கடைசிவரை கிளாஸைச் சாய்த்துப் பிடிக்காதீர்கள். பாதியில் நிமிர்த்தி, இரண்டு விரல் அகலம் நுரை வர விடுங்கள். வாசத்தைத் தூக்கிக் கொடுப்பது அதுதான். கூடுதல் வாயுவும் அங்கேயே வெளியேறிவிடும், வயிறு உப்பாது.

என் மாமா கேரித்தீவுத் தோட்டத்தில் வளர்ந்தவர். ஒருநாள் அவருக்கு கோசே என்ற ஜெர்மன் வகைப் பீரைக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவர் கிளாஸைத் தள்ளிவிட்டார். "தம்பி, இது புளிச்சுப் போச்சு, கடையில மாத்தச் சொல்லு." நான் மாற்றவில்லை. "கள்ளு காலையில எப்படி இருக்கும் மாமா, சாயங்காலம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கிளாஸை மறுபடியும் எடுத்தார். காலையில் இறக்கிய கள் இனிக்கும், பொழுது சாயச் சாயப் புளிக்கும். காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் செய்கிற வேலை அது. பெல்ஜியத்து லாம்பிக்கும் இப்படித்தான் காற்றில் வரும் ஈஸ்டை நம்பிப் புளிக்கிறது. லைப்ஸிக் ஊர்க்காரர்களின் கோசேயில் புளிப்போடு உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும். புளிப்பு, உப்பு, மல்லி. ரசம் குடித்து வளர்ந்த நாக்கு இதைக் கண்டு ஒதுங்க வேண்டியதே இல்லை. புளிப்பெல்லாம் கெட்டது என்று முடிவு கட்டுவது, நம்மவர்கள் செய்கிற தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கெட்டுப்போன பீருக்கு வேறு அடையாளங்கள் உண்டு: லாகரில் உருகிய வெண்ணெய் வாடை, வேகவைத்த சோள வாடை, மேலே சொன்ன நனைந்த அட்டை. வாழைப்பழமும் கிராம்பும் மணந்தால் பயப்படாதீர்கள். ஜெர்மன் கோதுமை பீரில் அது ஈஸ்ட் தருகிற மணம், இருக்கத்தான் வேண்டும்.

கள்ளைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. கூலியைக் கையில் கொடுத்துக் கள்ளுக்கடையில் திரும்ப வாங்கிக்கொண்ட காலம் அது. நம் குடும்பங்கள் பலவற்றில் இந்த வலி இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எங்கள் கூட்டத்தில் ஆறு பேருக்கு நான்கு கேன் என்று வரம்பு வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு வகைக்கு 70 மில்லி வரும். சுவைப்பதற்கு அது தாராளம்.

சுவைக்கும் வரிசையும் முக்கியம். மெல்லியதில் தொடங்கி கனமானதில் முடியுங்கள். ஐபிஏவை முதலில் குடித்துவிட்டால் அதன் கசப்பு நாக்கில் உட்கார்ந்துகொள்ளும், அடுத்து வரும் பில்ஸ்னர் என்ற மெல்லிய லாகர் தண்ணீராகத் தெரியும். குடிக்கும் முன் முகருங்கள். விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள், பாதிச் சுவை அப்போதுதான் வரும். பக்கத்தில் ஊதுபத்தி, சாம்பிராணி, கனமான செண்ட் இருந்தால் எல்லாம் வீண்.

தொட்டுக்கொள்ள என்ன வைப்பது? மிளகாய் தூக்கலான ஆட்டிறைச்சிப் பிரட்டலும் கசப்பான ஐபிஏவும் சேர்ந்தால் வாய் எரியும். ஆல்கஹால், வாயு, கசப்பு மூன்றுமே காரத்தைத் தூண்டுகிறவை. அதற்குக் கோதுமை பீரோ, மால்ட் (முளைகட்டிய தானியம்) இனிப்புள்ள அம்பர் வகையோ வையுங்கள். ஐபிஏவுக்கு மெதுவடை, உப்புக் கடலை, முறுக்கு போதும். ஸ்டௌட்டுக்கு நான் தேங்காய் மிட்டாய் வைப்பேன், ஒரு முறை முயன்று பாருங்கள். இன்னொன்று, மாமாக் கடைக்கும் நாசி கண்டார் கடைக்கும் கேனைப் பையில் வைத்துக்கொண்டு போய் மேசைக்கடியில் திறக்காதீர்கள். முஸ்லிம் சகோதரர்கள் நடத்தும் கடை அது. அந்த மரியாதையை நாம் காக்க வேண்டும்.

செய்தி விஷயத்திலும் தவறுகள் நடக்கின்றன. லேபிளில் மலேசியப் பெயரும் நம் ஊர்ப் பழத்தின் படமும் இருந்தால் இங்கே காய்ச்சியது என்று பகிர்கிறார்கள். மதுபானம் தயாரிக்க 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. அதனால் செய்முறை இங்கே எழுதி, காய்ச்சுவதை வெளிநாட்டில் வைத்துக்கொண்ட நிறுவனங்களும் உண்டு. எங்கே காய்ச்சினார்கள் என்று லேபிளின் பின்புறச் சின்ன எழுத்தைப் படியுங்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவதும் குற்றமே. விழா அறிவிப்பு வந்தால் உடனே பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். 2017 அக்டோபரில் பப்ளிகாவில் நடக்கவிருந்த பீர் விழாவுக்குக் கோலாலம்பூர் மாநகர மன்றம் அனுமதி மறுத்து, விழா நின்றுபோனது. அனுமதி வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் பகிருங்கள்.

விலை கூடினால் தரமும் கூடும் என்பதும் சரியல்ல. 2016 மார்ச்சிலிருந்து இங்கே பீர் வரி, அதில் உள்ள ஆல்கஹாலைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. அப்போது வைத்த விகிதம் சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 175 ரிங்கிட். அந்த விகிதத்தில் 5 சதவீத 330 மில்லி பாட்டிலுக்கு வரி சுமார் 2.90 ரிங்கிட், 7 சதவீத 440 மில்லி கேனுக்குச் சுமார் 5.40. விலையில் ஒரு பங்கு வெறும் வரி. மறுபக்கம், வரி முத்திரை இல்லாமல் நம்ப முடியாத மலிவில் வருவதைத் தொடவே தொடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். பெரும்பாலும் உழைக்கும் ஏழை மக்கள்.

அதே கணக்கு குடிக்கிறவருக்கும் பொருந்தும். "ஒரு கேன்தானே" என்பார்கள். அந்த 7 சதவீத பெரிய கேனில் இருக்கும் ஆல்கஹால், சாதாரணச் சின்னப் பாட்டிலில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2020 அக்டோபர் 23 முதல், வண்டி ஓட்டுகிறவரின் 100 மில்லி ரத்தத்தில் இருக்கலாம் என்று அனுமதித்த ஆல்கஹால் அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்துவிட்டது. முதல் முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. எங்கள் கூட்டத்துக்கு யாரும் வண்டி எடுத்து வருவதில்லை. நண்பர் வீட்டிலிருந்து கேஎல் சென்ட்ரல் நடக்கும் தூரம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சுவரில் எழுதி வைத்த பிறகுதான் முதல் கேனைத் திறப்போம்.