நெல்லிக்கனியை லத்தீனில் கொடுப்பது எப்படி?

‘தி கிங் கேவ் தி பொயட்டஸ் எ ஃப்ரூட்.’ இது யார் கதை என்று தருமபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியில் தாவரவியல் படிக்கும் அக்கா மகன் இதை லத்தீனில் மாற்றுகிறேன் என்று அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் அடுக்கி ‘ரெக்ஸ் டோ பொயேட்ரியா போமும்’ என்று அனுப்பியிருந்தான். அதாவது, ‘அரசன் கொடுக்கிறேன் பெண்புலவர் பழம்’. அகராதியில் வினைச்சொல்லைத் தன்மை வடிவத்தில்தான் போட்டிருப்பார்கள், டோ என்றால் ‘நான் கொடுக்கிறேன்’, அது அவனுக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, ஆங்கிலத்திலிருந்து நேராக லத்தீனுக்குத் தாவியது. நடுவில் தமிழில் இறங்கி ஏறியிருக்கலாம்.

‘அரசன் ஔவைக்குப் பழம் கொடுத்தான்.’ இப்படி எழுதியதும் பாதி வேலை முடிந்தது. தி, எ இரண்டும் கழன்றுவிட்டன, லத்தீனிலும் அவை கிடையாது. வினை கடைசிக்கு வந்துவிட்டது, லத்தீனிலும் பெரும்பாலும் அங்கேதான் வரும். யார், யாருக்கு, எதை என்பதெல்லாம் சொல்லின் வாலிலேயே தெரிகிறது. நாம் வேற்றுமை என்று பள்ளியில் உருப்போட்டது இதைத்தான்.

இனி வால் மாற்றுவதுதான். அரசன் எழுவாய், அதனால் ரெக்ஸ் அப்படியே. ‘ஔவைக்கு’ நான்காம் வேற்றுமை, பொயேட்ரியா என்பது பொயேட்ரியை ஆகும் (நம் ‘ஐ’ போலத் தெரிகிறது, ஏமாந்துவிடாதீர்கள், இங்கே அது ‘கு’). போமும் என்பது அஃறிணை மாதிரியான ஒரு பால், எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் அதற்கு ஒரே வடிவம்தான், நாம் ‘பழத்தை’ என்னாமல் ‘பழம் கொடுத்தான்’ என்று விட்டுவிடுவது போல நினைத்துக்கொள்ளலாம். கொடுத்தேன் டெடீ, கொடுத்தாய் டெடிஸ்டீ, கொடுத்தான் டெடிட். கொடுத்தாள் என்றாலும் அதே டெடிட்தான்.

ரெக்ஸ் பொயேட்ரியை போமும் டெடிட். சரி, இப்போது திருப்பிப் போடுங்கள், ஔவை அரசனுக்குக் கொடுத்தால்? ரெக்ஸ் வகைப் பெயர்களுக்குக் ‘கு’வின் வால் ‘ஐ’ அல்ல, ‘ஈ’; ஆனால் ‘ரெக்ஸீ’ என்று எழுதினால் தப்பு. அகராதியில் ‘ரெக்ஸ், ரேகிஸ்’ என்று இரண்டு வடிவம் இருக்கும், இரண்டாவதில்தான் வேர்ப்பகுதி ஒளிந்திருக்கிறது: ரேக். அதில் வாலை ஒட்டினால் ரேகீ. பொயேட்ரியா ரேகீ போமும் டெடிட். பெயர்ச்சொல்லை எப்போதும் இரண்டு வடிவமாகவே மனப்பாடம் செய்யுங்கள், ஒன்றை மட்டும் படித்தால் பின்னால் திண்டாட்டம்தான்.

தமிழ் எல்லா இடத்திலும் கை கொடுக்காது. ‘அரசன் காட்டுக்குப் போனான்’ என்பதிலும் நமக்குக் ‘கு’தான், ஆனால் லத்தீனில் போகும் இடத்துக்கு நான்காம் வேற்றுமை ஆகாது, ‘இன் சில்வம்’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்து இரண்டாம் வேற்றுமையில் சொல்ல வேண்டும்.

நாம் அதிகம் வழுக்கி விழுவது பெயரடையில். நல்ல அரசன், நல்ல பெண், நல்ல பழம், நமக்கு ‘நல்ல’ மாறவே மாறாது. லத்தீனில் பெயருடைய பால், எண், வேற்றுமை மூன்றையும் பெயரடையும் சுமக்க வேண்டும்: பொனுஸ் ரெக்ஸ், பொனா பொயேட்ரியா, பொனும் போமும். அதுவும் வால் ஒன்றுபோல ஒலித்தால் போதும் என்று நினைக்கக் கூடாது, பார்க்க வேண்டியது பாலை.

அக்கா மகனுக்கு இது புரிந்தது சாலையோரப் புளியமரத்தை வைத்துத்தான். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அதற்கு வைத்த லத்தீன் அறிவியல் பெயர் டமரிண்டுஸ் இண்டிகா. முதல் சொல் ‘உஸ்’ என்று ஆண்பால் போல முடிகிறது, அப்படியானால் ‘இண்டிகுஸ்’ என்றுதானே வர வேண்டும் என்று கேட்டான். நல்ல கேள்வி. லத்தீனில் மரங்களின் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால், வால் எப்படி இருந்தாலும் சரி, அதனால்தான் இண்டிகா.