சாஃப்ட்பால் அடிக்கப் பழகும் பிள்ளைகளிடம் என்ன சொல்வது, எப்போது சொல்வது

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகளிடம் சாஃப்ட்பால் பேட்டைக் கொடுத்தால் முதல் நாள் என்ன நடக்கும் என்று பள்ளி பி.டி. மிஸ் எல்லோருக்கும் தெரியும். பந்து தரையில் குத்தி எழும் என்று காத்திருப்பார்கள். அது நேராகக் கேட்சர் (அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) கையுறைக்குள் போய்விடும். அடுத்த பந்துக்குக் கீழேயிருந்து மேலே ஒரு டிரைவ். உடனே சுற்றி நிற்கும் பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்: முழங்கையைத் தூக்கு, தலையை ஆட்டாதே, காலைத் திருப்பு, பந்தைப் பாரு. பிள்ளை அப்படியே உறைந்து நின்றுவிடும்.

அந்தச் சத்தத்தைக் குறைத்து, எந்தச் சொல்லை எந்த நேரத்தில் சொன்னால் உடம்பு கேட்கிறது என்று எங்கள் மைதானத்தில் பார்த்துப் பார்த்துத் தேறியதை எழுதுகிறேன். பேட்டைப் பிடிப்பது, பிளேட் (அடிப்பவர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் தட்டு) அருகே நிற்பது எல்லாம் இதில் இல்லை. அவை ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பொருள்கள்

பேட்டிங் டீ, அதாவது அடிப்பதற்காகப் பந்தை உச்சியில் வைக்கும் தாங்கி, கட்டாயம் வேண்டும். பந்து வீசும் மெஷினுக்குச் செலவு செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதில் பிட்சரின் (பந்து வீசுபவரின்) கை தெரியாது, கை தெரியாமல் நேரம் பிடிக்கப் பழக முடியாது. டீ வாங்கக் காசில்லை என்றால் பெயிண்ட் வாளியில் சிமெண்ட் கலவை போட்டு பி.வி.சி. குழாயை நட்டு, உச்சியில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை ஒரு சாண் நீளம் செருகிவிடுங்கள். பேட் பட்டாலும் வளைந்து கொடுக்கும். பேட் இலேசான அலுமினியமாக இருக்கட்டும். பிள்ளை ஒரு கையில் பேட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் நீட்டி 20 எண்ணும்வரை தாழாமல் வைத்திருக்க வேண்டும், கை தொங்கினால் அந்த பேட் அவளுக்குக் கனம். ஹெல்மெட் இல்லாமல் ஒரு பந்துகூட வீச வேண்டாம்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது

மூன்று விஷயம். சொல் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மூன்றாவதுதான் முக்கியம்: கூடியவரை அது உடம்புக்கு வெளியே உள்ள ஒன்றைக் காட்ட வேண்டும். "மணிக்கட்டைத் திருப்பு" என்றால் பிள்ளை தன் மணிக்கட்டைப் பற்றி யோசிக்கும். "பிட்சர் தலைக்கு மேலே அனுப்பு" என்றால் மணிக்கட்டு தானே திரும்பிக்கொள்ளும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஏறியவர்களில் கால்களைக் கவனித்தவர்களைவிட, காலுக்குக் கீழே இருந்த சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். அதற்குப் பின் பல விளையாட்டுகளில் இதே போக்கைப் பார்த்திருக்கிறார்கள்.

படி 1: "பின்னே… ஊன்று… அடி"

இங்கேதான் புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் எல்லோரும் சிக்குவார்கள், நானும் ரொம்ப நாள் இதிலேயே நின்றிருக்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

பிள்ளைகள் முன்காலை எடுத்து வைப்பதையும் பேட்டை வீசுவதையும் ஒரே அசைவாகச் செய்வார்கள். கால் போகும்போதே கையும் போய்விடும், உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்துவிடும். பந்து கொஞ்சம் மெதுவாக வந்தால் போதும், பேட் முன்னாடியே சுற்றி முடிந்திருக்கும். பார்ப்பவர்கள் "அவசரப்படாதே" என்பார்கள். அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் எதை நிதானமாகச் செய்வது என்று அதில் இல்லை. பிள்ளை எல்லாவற்றையும் தாமதப்படுத்தும், அப்போது வேகப்பந்து தாண்டிப் போய்விடும்.

கால் முதலில், பேட் அப்புறம் என்று பிரிக்க வேண்டும். டீயில் பந்தை வைத்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். "பின்னே" என்றதும் எடை பின்காலுக்குப் போகும், கைகள் கொஞ்சம் பின்வாங்கும். "ஊன்று" என்றதும் முன்கால் தரையில். இங்கே நிறுத்துங்கள். இந்த இடைவெளியில் பிள்ளையைச் சுற்றி வந்து பாருங்கள், கைகள் இன்னும் பின்தோள் பக்கமே இருக்கின்றனவா? இருந்தால் "அடி". இடைவெளியை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், சில முறை "அடி" என்று சொல்லாமலே விட்டுவிடுங்கள். அப்போதுதான் கால் இறங்கிய பிறகும் காத்திருக்கப் பழகும்.

காலை ஓங்கி வைக்கும் பிள்ளைக்கு இன்னொரு சொல்: "சத்தம் வராமல் வை." எங்கள் செம்மண் மைதானத்தில் ஷூ இறங்கும் சரக் சத்தம் நன்றாகக் கேட்கும், அதனால் தான் சரியாகச் செய்தோமா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும், நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

டீயில் இது பழகிய பிறகு பிட்சரின் கையோடு இணையுங்கள். பிட்சர் கையைச் சுழற்றத் தொடங்கும்போது "பின்னே", பந்து கையை விட்டுப் பிரியும் நேரத்தையொட்டி "ஊன்று". பிள்ளையே வாய்க்குள் சொல்லிக்கொள்ளட்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பான் அணியின் ஆட்டம் கிடைத்தால் போட்டுக் காட்டி, "அவங்க கால் எப்போ தரையில பட்டுச்சு?" என்று மட்டும் கேளுங்கள். வேறு எதையும் விளக்க வேண்டாம்.

படி 2: "முடிச்சு!"

இடுப்பைத் திரும்ப வைக்க "பின்காலால் பூச்சியை நசுக்கு" என்று ஒரு பழைய க்யூ (நினைவூட்டும் சொல்) உண்டு. எனக்குப் பிடிக்காது. பிள்ளைகள் பாதத்தை மட்டும் அழகாகத் திருகுவார்கள், எடையெல்லாம் பின்காலிலேயே தங்கிவிடும், இடுப்பு அசையாது. அதற்குப் பதில், டிராக் பேண்ட் நாடாவின் முடிச்சை முன்னால் தெரியும்படி கட்டச் சொல்லி, "அடிச்சு முடிக்கும்போது முடிச்சு பிட்சரைப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். அப்புறம் "முடிச்சு!" என்ற ஒற்றைச் சொல் போதும். இடுப்பு திரும்பினால் பின்கால் தானே வரும்.

படி 3: எங்கே அனுப்புவது

"மட்டமாக வீசு" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். அதைக் கேட்டுப் பல பிள்ளைகள் மேலேயிருந்து வெட்டுகிறார்கள், பந்து காலடியில் உருள்கிறது. இந்த வயதில் வரும் பந்து பெரும்பாலும் இறங்கிக்கொண்டே வரும், அதை நேராகச் சந்திக்க பேட் இலேசாக மேல்நோக்கிப் போவதுதான் சரி. அந்தக் கோணத்தையெல்லாம் பிள்ளையிடம் பேசாதீர்கள். டீயில் பந்து முன்காலுக்கு நேராக இருக்கட்டும், "ஷார்ட்ஸ்டாப் தலைக்கு மேலே, வேலிக்குக் கீழே" என்று இலக்கைக் கொடுங்கள் (ஷார்ட்ஸ்டாப் என்பது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்). கிரிக்கெட் டிரைவ் பழக்கம் விடாத பிள்ளைக்கும் நான் பார்த்தவரை இதுதான் சீக்கிரம் வேலை செய்கிறது.

படி 4: கண்

"பந்தைப் பாரு" என்று சொன்னால் எல்லாப் பிள்ளையும் பார்த்தேன் என்றுதான் சொல்லும். பழைய பந்துகளில் மார்க்கரால் சிவப்பு, பச்சை, நீலம் என்று பெரிய வட்டங்கள் போடுங்கள், ஒரு பந்துக்கு ஒரு நிறம். வலைக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கீழ்க்கையில் வீசி, "என்ன நிறம்?" என்று கேளுங்கள். முதலில் அடிக்காமல் நிறம் மட்டும், அப்புறம் நிறம் சொல்லிக்கொண்டே அடிக்க வேண்டும்.

எந்தப் பந்தை விடுவது என்பதற்கு "அடி, அடி, வேண்டாம்." ஒவ்வொரு பந்துக்கும் அடிக்கப் போவதாகவே கிளம்ப வேண்டும், கடைசியில்தான் நிறுத்த வேண்டும். முதலிலேயே "பார்க்கலாம்" என்று நிற்கும் பிள்ளை நல்ல பந்துக்குத் தாமதமாகத்தான் கிளம்பும்.

படி 5: வாயை மூடுவது

40 அடி தூரத்திலிருந்து மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் பந்து பிளேட்டுக்கு வரச் சுமார் 0.6 விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் கத்தும் வாக்கியம் பிள்ளையின் காதில் பாதிகூட விழாது, விழுந்தாலும் கெடுதல்தான். பிட்சர் தயாராகும் முன்பே ஒரு சொல், அதோடு சரி. போட்டியில் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பயிற்சியில் அந்த வாரம் எந்தச் சொல்லோ, அதுதான். பெற்றோரிடமும் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், இலக்கும் நிறமும் சொல்லி அவர்களே வீட்டில் பயிற்சி கொடுக்கலாம், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டல் மட்டும்.

பிறகு சேர்த்தவை

"மேல் கை" என்று சொன்னதும் மகள் தவறான கையை அசைக்கிறாள் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். கிரிக்கெட்டில் கைப்பிடி நுனிப் பக்கம் உள்ள கை மேலே இருக்கும், இங்கே பேட் நிமிர்ந்து நிற்பதால் அது கீழே. வலக்கை ஆட்டக்காரிக்கு இரண்டிலும் அது இடக்கைதான். வலக்கை, இடக்கை என்றே சொல்லிவிடுங்கள்.

பந்துக்குப் பயந்து பின்வாங்கும் பிள்ளைக்கு "பயப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. தப்பிப்பதைச் சொல்லிக்கொடுங்கள்: உடம்பை நோக்கிப் பந்து வந்தால் "முதுகு!" முன்தோளைக் கேட்சர் பக்கம் திருப்பி, முகவாயை மார்போடு ஒட்டி, பேட்டைத் தாழ்த்த வேண்டும். டென்னிஸ் பந்தை மெதுவாக எறிந்து பழக்குங்கள், முதுகில் பட்டால் வலிக்காது என்று தெரிந்ததும் பலர் பிளேட் அருகே தானாகவே வந்து நிற்கிறார்கள்.

அடித்ததும் பேட்டோடு ஓடுவது, அல்லது வீசி எறிவது பற்றிப் பலர் கேட்டார்கள். "எறியாதே" வேண்டாம். முதல் பேஸ் (அடித்தவர் முதலில் ஓடிச் சேரும் இடம்) கோட்டுக்கு வெளியே, ஓடும் வழியில் படாதபடி, ஒரு பழைய சைக்கிள் டயரைப் போட்டு "டயருக்குள்ளே" என்று சொல்லுங்கள். பேட் டயருக்குள் விழுந்தால்தான் அந்த அடி கணக்கு என்று பயிற்சியில் வைத்துக்கொள்ளுங்கள்.