துறைமுக விரிவாக்கக் கருத்துக்கேட்பில் உங்கள் சொல்லைப் பதிவு செய்வது எப்படி

சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள், அதாவது சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டங்கள், தள்ளிவைக்கப்பட்டன. இத்தகைய கூட்டம் எந்தக் கடற்கரைக்கு வந்தாலும், அதற்குத் தயாராக வேண்டிய முறை ஒன்றே.

எண்ணூரின் காமராஜர் துறைமுகம் ஒன்றிய அரசின் கீழ் வரும்; காட்டுப்பள்ளி மாநில அரசின் கடல்சார் வாரியத்தின் மேற்பார்வையில் உள்ள சிறு துறைமுகம். ஆனால் கருத்துக்கேட்பை நடத்துவது இரண்டிலும் மாசு கட்டுப்பாட்டு வாரியமே என்பதால், உங்கள் கருத்தை எழுதிய மனுவை அங்கேயே கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அந்த நாள்களில் ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்டத் தொழில் மையத்திலோ திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்கம் பற்றிய வரைவு அறிக்கையைப் பார்க்கலாம். தமிழ்ச் சுருக்கத்தோடு நின்றுவிடாமல், ஆங்கிலம் தெரிந்த ஒருவரை உடனழைத்துச் சென்று வரைபடங்களைப் பாருங்கள். உங்கள் ஊரும், ஏரியில் நீங்கள் பாடு வைத்து, அதாவது முறை வைத்து, மீன்பிடித் தொழில் செய்யும் இடமும், முகத்துவாரமும் அதில் இருக்கின்றனவா என்று விரல் வைத்துத் தேடுங்கள். நம் கரையில் மணல் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதால், கடலுக்குள் நீளும் அலைதடுப்புச் சுவரின் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கரை அரிக்கும். ஆகவே வடக்கே உள்ள ஊர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு அறிக்கை சொல்லும் விடையை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

மனுவில் "மீன்வளம் அழியும்" என்று மட்டும் எழுதினால், "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற ஒற்றை வரியில் பதில் முடிந்துவிடும். எந்த இடத்தில், எந்த மாதங்களில், எத்தனை படகுகள், என்ன வலை, என்ன மீன் என்று எழுதி, அறிக்கையின் பக்க எண்ணையும் குறிப்பிட்டால் அதற்குத் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம் தனியாக விடை சொல்லியாக வேண்டும். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் படகுக் கணக்கில் இடமில்லை. அவர்கள் பெயரில் தனி மனு கொடுப்பது மிக அவசியம்.

கூட்டம் ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் தலைமையில், ஒளிப்பதிவுடன் நடக்கும். பேசும்போது பெயரையும் ஊரையும் முதலில் சொல்லுங்கள். பேசி முடித்தவுடன் பேருந்துக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிடாதீர்கள்: கூட்ட நடவடிக்கையின் சுருக்கம் இறுதியில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும், உங்கள் கருத்து விடுபட்டிருந்தால் திருத்தச் சொல்வதற்கான இடம் அதுதான்.

திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டுவிட்டால், ஆணை தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்கப்படும். சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்குச் செல்லும்போது, முத்திரையிட்ட அந்த மனு நகலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.